மூட்டை தூக்க வைத்துப் பார்த்த மாப்பிள்ளை

நான் சந்தேகப் பிராணி. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கோயிலில் கொடுக்கிற பொங்கலைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மணி கேட்டால், முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்ப்பேன். வேலையில் இந்தக் குணம் எனக்குக் கைகொடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய குடோனுக்கு நான் கீப்பர். சர்க்கரை, உரம், சிமெண்டு என்று எது வந்து இறங்கினாலும் என் கண்ணுக்குத் தப்பி ஒரு மூட்டை வெளியே போகாது. முதலாளி நிம்மதியாக இருந்தார். வீட்டில்தான் அந்தக் குணத்தால் கேடு வந்தது.

எழுபதுகளின் கடைசியில் என் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அப்பா மில்லில் வேலை பார்த்தவர், எனக்கு மீசை முளைக்கும் முன்பே போய்விட்டார். வீட்டில் அம்மா, நான், தங்கை மூன்று பேர்தான். தங்கை டைப்ரைட்டிங் முடித்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீசில் வேலை செய்துகொண்டிருந்தாள். வாய் என்னைவிடக் கூர்மை. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பொறுப்பு என் தலையில் இருந்தது.

பையன் வீடு ரெட்டியார்பாளையத்தில். அவன் அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஜூலை பதினாலாம் தேதி கோட்டு மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரையில் நடப்பார்களே, அவர்களில் ஒருவர். குடும்பமே பிரெஞ்சுப் பிரஜை. பையனும் அதே பட்டாளத்துக்கு எழுதிப் போட்டிருந்தான். பேப்பர் வந்ததும் பிளேன் ஏறிவிடுவான் என்றார் தரகர்.

அந்தக் காலத்தில் பிரெஞ்சு நாஷனாலிட்டி இருந்தால் போதும், மாப்பிள்ளைக்கு மூக்கு இருக்கிறதா என்றுகூட யாரும் பார்க்க மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் வீடு, நகை என்று கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இவர்களோ ஒன்றுமே கேட்கவில்லை. பெண் படித்திருக்கிறாள், தைரியமாகப் பேசுகிறாள், அது போதும் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டிருந்தால் பேராசைக்காரர்கள் என்று சந்தேகப்பட்டிருப்பேன். கேட்காததால், பையனிடம் என்ன கோளாறு என்று சந்தேகப்பட்டேன்.

என் பயம் முழுக்க வெட்டிப் பயமும் இல்லை. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவன் இதே மாதிரி பட்டாளத்துக்குப் போய் நான்கே மாதத்தில் திரும்பி வந்திருந்தான். முட்டி போய்விட்டது என்று அவன் சொன்னான். தாக்குப்பிடிக்க முடியாமல் அனுப்பிவிட்டார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவனை நம்பிக் கழுத்தை நீட்டியவள் இப்போது மாமியார் வீட்டில் இட்லி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். என் தங்கைக்கு அந்தக் கதி வரக்கூடாது. இந்தப் பையனைப் பெண் பார்க்க வந்த அன்று பார்த்தேன். வெடவெடவென்று உயரம், மெல்லிய கழுத்து, காபி டம்ளரைப் பெண்பிள்ளை போலப் பிடித்தான். இவனா பட்டாளத்தில் நிற்பான்?

தங்கைக்கு அவனைப் பிடித்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க அவள் என்னோடு சண்டை போடவில்லை. அதுவே எனக்குப் போதிய சாட்சி.

அப்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. பேப்பர் வர இன்னும் மூன்று நான்கு மாதம் ஆகும், பையன் சும்மாதான் இருக்கிறான் என்று அவன் அப்பா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். நான் ரொம்ப நல்லவன் மாதிரி, "சும்மா இருந்தா ஒடம்பு கெட்டுடும். எங்க குடோனுக்கு வரட்டுமே, பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னால ஒடம்பு கெட்டியாவும்" என்றேன். கிழவருக்கு ரொம்ப சந்தோஷம். "பொன், பொன்" என்று பிரெஞ்சில் மெச்சி, "நல்ல ரோசனை" என்றார். பையனும் தலையாட்டினான். சம்பந்தத்துக்குப் பதிலை மூன்று மாதம் கழித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவைத்தேன். நூறு கிலோ சர்க்கரை மூட்டையைத் தூக்கி நிற்கிறவன் எந்தப் பட்டாளத்திலும் நிற்பான், நிற்காதவன் அங்கேயும் நிற்க மாட்டான். இதுதான் என் கணக்கு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்தச் சோதனை பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அவன் எனக்கு என்ன உறவாகப் போகிறான் என்று குடோனில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஐஸ் வைக்கிறேன் பேர்வழி என்று லேசான மூட்டையாகப் பார்த்துக் கொடுப்பார்கள், சோதனை கெட்டுவிடும்.

மூட்டை தூக்குவதில் ஒரு முறை உண்டு. நானும் கீப்பர் ஆவதற்கு முன் இரண்டு வருஷம் தூக்கியவன்தான். தூக்குகிறவன் தலையிலிருந்து பிடரி வரை சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பான். இரண்டு பேர் மூட்டையின் முனைகளைப் பிடித்து எழுப்பி அவன் மேல் வைப்பார்கள். வைக்கும் முன் "வருது" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் இவன் மூச்சை இழுத்து, முட்டியைச் சற்று மடக்கி, பாரத்தை முதுகுக்கு வாங்கிக்கொள்வான். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நூறு கிலோவும் பிடரியில் வந்து இறங்கும். மலை மாதிரி ஆளும் தடுமாறிப்போவான்.

முதல் நாளே பையன் விழுந்தான். லாரிக்கும் அடுக்கிய மூட்டை அட்டிக்கும் நடுவே போட்டிருந்த பலகையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். மூட்டை உருண்டு வாய் பிரிந்து சர்க்கரை கொட்டியது. லோடுமேன்கள் சிரித்தார்கள். ஆபீஸ் அறை வாசலில் நின்றிருந்த நான், சரிதான், நாம் நினைத்தது தப்பவில்லை என்று உள்ளே போனேன்.

ஒரு வாரம் போனது. தோள் தோல் உரிந்து சட்டை ஒட்டிக்கொண்டது. டீ குடிக்கும்போது கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான், அப்படியும் டீ தளும்பியது. கழுத்தை ஒரு பக்கம் திருப்ப முடியாமல், யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினான். மற்றவர்கள் பத்து நடை போகிற நேரத்தில் அவன் ஆறு நடைதான் போனான். நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் சாப்பிட்டதும் அவன் எங்கோ மறைவதையும் கவனித்தேன். எனக்கு மூக்கு வியர்த்தது. சாராயக் கடைக்குப் போகிறானா? ஒரு நாள் சத்தம் போடாமல் பின்னாலேயே போனேன். குடோனுக்குப் பின்புறம் பம்பு செட் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்திருந்தான். பிடரியில் ஈரத்துணி. கண் மூடியிருந்தது, தூங்கவில்லை. வேலை தொடங்குகிற மணி அடித்ததும் துணியைப் பிழிந்து உதறிக் காயப்போட்டுவிட்டு, மற்றவர்களுக்கு முன்னால் வந்து லாரியடியில் நின்றான். இதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஈரத்துணி போட்டுப் படுக்கிறவன் சண்டையில் என்ன கிழிக்கப்போகிறான் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

இரண்டாவது வாரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். அவனுக்கு மூட்டை எழுப்பும்போது மட்டும் "வருது" என்ற வார்த்தை கேட்கவில்லை. மற்ற எல்லோருக்கும் சொல்கிறார்கள். இவன் குனிந்ததும் பேசாமல் போட்டுவிடுகிறார்கள். எந்த நிமிஷம் வரும் என்று தெரியாமல் அவன் குனிந்து நிற்பான், திடீரென்று வந்து விழும்.

அன்று சாயங்காலம் லோடுமேன்களின் மேஸ்திரி என் அறைக்கு வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அந்தப் புதுப் பையன் யாரு?"

"வேல வேணும்னு வந்தான். ஏன்?"

"பேன்ட் போட்டுகினு வர்றான். பிரெஞ்சுக்காரன்றாங்க. அவனுக்கு இன்னாத்துக்கு சார் மூட்டை தூக்கற வேல? ஆளுங்க ஒரு மாதிரி பேசிக்கறாங்க. எங்கள வேவு பாக்கத்தான் வச்சிருக்கீங்களா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. லோடுமேன் கோஷ்டியில் ஆள் சேர்ப்பது மேஸ்திரியின் உரிமை. தன் மச்சினனையோ, தெருக்காரனையோ, கூடப் பிறந்தவனையோ கூட்டிவந்து நிறுத்துவார், மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஆபீஸ் அறையிலிருந்து ஒருவன் வந்து குதித்தால் அவன் ஒற்றன்தான், வேறு எதுவாக இருக்க முடியும்? அவனாகவே ஓடிப்போகட்டும் என்றுதான் அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் அவனைச் சந்தேகப்பட்டு இறக்கினேன். நான் இறக்கியதால் அவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

"என் தங்கச்சிக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளை" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் மறுநாள் காலையே எல்லாம் சரியாகியிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேஸ்திரி, போய் வேலயப் பாருங்க" என்றேன். அந்தப் பதிலே அவர்களுக்கு அத்தாட்சியாகிவிட்டது.

ஏன் சொல்லவில்லை? அதற்கும் என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. சண்டையில் எதிரி "வருது" என்று சொல்லிவிட்டா சுடுவான்? சொல்லாமல் விழுவதையும் தாங்குகிறானா என்று பார்ப்போமே. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு மீதி இரண்டரை மாதமும் அந்த வாசலில் நின்று பார்த்தேன். இதை எழுதும்போது எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்று மாதம் முடிந்தது. வீட்டில் அம்மாவையும் தங்கையையும் உட்காரவைத்து என் தீர்ப்பைச் சொன்னேன். எத்தனை தடவை விழுந்தான், எப்படி மூச்சு வாங்கினான், எப்படி ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். "பட்டாளத்துல மூணு மாசம் தாங்க மாட்டான். வேணாம்னு சொல்லிடலாம்" என்றேன். மேஸ்திரி வந்து கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

தங்கை முகம் சிவந்துவிட்டது. "நீ அவர வேலைக்குக் கூப்புட்டது இதுக்குத்தானா?" என்றாள்.

"ஒன் நல்லதுக்குத்தான்."

"மூட்டை தூக்கவா அவர பிரான்சுக்குக் கூப்புடறாங்க?"

"கஷ்டம் தாங்குவானான்னு பாக்க வேணாமா?"

"சரி, மூணு மாசத்துல எத்தன நாள் வேலைக்கு வரல?"

நான் யோசித்தேன். அவன் வராத நாள் ஒன்றுகூட இல்லை. மற்ற லோடுமேன்கள் மழை என்றும், மாமனார் என்றும், திருவிழா என்றும் வாரம் ஒருநாள் மட்டம் போடுவார்கள். இவன் கழுத்து வீங்கிய நாளிலும் ஏழரைக்கெல்லாம் வாசலில் நின்றான். அதைச் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வராது. சொல்லாமல் விடத்தான் வரும்.

"அப்பறம் இன்னா? தெனமும் வுழுந்துட்டு மறுநாள் வந்து நின்னாரு. இதுக்கு மேல ஒனக்கு இன்னா வேணும்?" என்றாள். அம்மா அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். "ஏண்டா, ஒன்ன எவனாச்சும் இப்டி சோதிச்சுப் பாத்தா எந்தப் பொண்ணுடா ஒனக்குக் கெடைக்கும்?" என்று கேட்டாள். நான் தோற்றுப்போனேன். சரி என்று தரகரிடம் சொல்லியனுப்பினேன். உள்ளுக்குள் எனக்கும் லேசாக ஒரு ஆறுதல் இருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பையனின் அப்பா வருவதாகச் செய்தி வந்தது. நாள் குறிக்கத்தான் வருகிறார் என்று அம்மா கேசரி கிளறினாள். தங்கை பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். அவள் அன்று காலையிலிருந்து பாடிக்கொண்டே வேலை செய்தது இன்றும் என் காதில் இருக்கிறது.

கிழவர் தனியாக வந்தார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேசரியைத் தொடவில்லை.

"தம்பி, எம் பையனுக்குப் பேப்பர் வந்துடுச்சு. அடுத்த மாசம் கெளம்பறான்."

"ரொம்ப சந்தோஷம். அதுக்கு முன்னாலயே முடிச்சிடலாம்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. இத முதல்ல சொல்லிட்றேன். ஆனா அவன் வேணாங்கறான்."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்த முதல் நினைப்பு என்ன? வேறு பெரிய இடம் வந்துவிட்டது என்பதுதான். அதை அப்படியே கேட்டும் விட்டேன். "இன்னா, நக நட்டோட வேற யாராச்சும் வந்துட்டாங்களா?"

கிழவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்டி இல்ல தம்பி. கல்யாணம் பண்ணிகினு இவன் போயிட்டான்னா, அங்க வூடு குடுத்து, பொண்ணுக்குப் பேப்பர் ஆவறதுக்கு ஒரு வருஷமும் ஆவும், ரெண்டு வருஷமும் ஆவும். அதுவரைக்கும் பொண்டாட்டிய ஒங்க கையிலதான் வுட்டுட்டுப் போவணும். நான் போனப்பவும் எம் பொண்டாட்டி அவ அண்ணன் வூட்லதான் இருந்தா. அவரு இருக்காருன்ற தைரியத்துலதான் நான் அங்க இருந்தேன்."

அவர் கேசரித் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு மேலே சொன்னார்.

"மூட்டைய சொல்லாம போட்டாங்களாம். அதக்கூட அவன் பெரிசா எடுத்துக்கல. வெவரம் தெரியாத ஆளுங்க, ஏதோ சந்தேகப்பட்டு செய்யறாங்கன்னான். ஆனா ஒவ்வொரு தடவ வுழும்போதும் நீங்க எதிர்ல நின்னு பாத்துகினு இருந்தீங்களாம். ஒரு வார்த்த சொன்னா நின்னுடும்னு ஒங்களுக்குத் தெரியுமாம். நாளைக்கு தன் பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னாலும் இந்த மனுசன் நின்னு பாப்பாரான்னு கேக்கறான். எனக்கு பதில் சொல்லத் தெரியல தம்பி."

எழுந்து அம்மாவுக்குக் கைகூப்பினார். என்னைப் பார்த்து லேசாகத் தலை அசைத்தார். ஷூ மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பையன் பட்டாளத்துக்குப் போனான், நின்றான். எண்பதுகளின் நடுவில் லீவில் வந்திருந்தபோது பெரிய மார்க்கெட்டில் அவனைப் பார்த்தேன். பக்கத்தில் மனைவி, தோளில் ஒரு குழந்தை. கோபம் தெரிகிறதா என்று அவன் முகத்தைத் துழாவினேன். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றான், அவ்வளவுதான். எங்கள் கோஷ்டியிலேயே பலசாலி ஒருவன், இரண்டு சிமெண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கக்கூடியவன், இந்திய ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தான். நானே தட்டிக்கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் மாதம் திரும்பி வந்து லாரியடியில் நின்றான். "தூக்கறதெல்லாம் தூக்கிடலாம் சார், மூஞ்சிக்கு நேரா கத்தறானுங்க, அதத் தாங்க முடியல" என்றான். தோளைப் பார்த்து ஆளை எடை போட்ட என் சாமர்த்தியம் இரண்டு பக்கமும் பொய்த்துவிட்டது. தங்கைக்கும் இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆனது. அவளே விசாரித்தாள், அவளே முடிவு செய்தாள். கடலூரில் நன்றாக இருக்கிறாள், தீபாவளிக்கு வருவாள், சிரித்துப் பேசுவாள். எந்த விஷயத்திலும் என்னிடம் யோசனை மட்டும் கேட்க மாட்டாள்.

ஏன் கேட்க வேண்டும்? அந்த ஞாயிற்றுக்கிழமை கிழவர் போனதும் அவள் உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அழவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, அவங்க சொல்லாம போடறது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"இத எங்ககிட்ட நீ சொல்லவே இல்லியே."

அம்மா கேசரித் தட்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"பட்டாளத்துல தாக்குப்பிடிப்பாரான்னு மூணு மாசம் அவரப் பாத்த" என்றாள் தங்கை. "நான் இருபத்தோரு வருஷமா ஒன்கூட இருக்கேன். ஒன்ன நான் ஒரு நாள்கூட சந்தேகப்பட்டதில்ல."

அப்புறம் பட்டுப்புடவையை மாற்றிக்கொள்ள உள்ளே போய்விட்டாள்.